தவறாகத் திரும்பினாலும் திட்டாத குரல்

சீர்காழியில் ஒரு மணப்பெண்ணின் வலது கன்னத்தை முடித்துவிட்டு இடது கன்னத்துக்கு வந்தபோதுதான், தான் வேறு யாருடைய கல்யாணத்துக்கோ வந்திருக்கிறோம் என்பது ரோஸ்லினுக்குத் தெரிந்தது.

ரோஸ்லின் குத்தாலத்துக்காரர். வயது நாற்பத்தெட்டு. பதினெட்டு வருடங்களாக மணப்பெண் அலங்காரம்தான் தொழில். வாடகைக் காரில் போய் வந்துகொண்டிருந்தவர், போன வருடம் பிடிவாதமாக ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு பழைய சிவப்புக் காரை வாங்கினார். ஓட்டுவது அருமையாக வந்தது. சந்தையில் நெரிசலுக்குள் நுழைந்து ஒருவர் மேலும் உரசாமல் வெளியே வருவார். வராதது ஒன்றுதான், திசை. அந்தப் பக்கத்தில் வழி கேட்டால் யாரும் இடது வலது சொல்லமாட்டார்கள். “நேரா வடக்கால போங்க, வாய்க்கா வரும், அதத் தாண்டி கிழக்கால திரும்புங்க” என்பார்கள். ரோஸ்லினுக்கு வடக்கு எது என்று சூரியனைப் பார்த்தாலும் தெரியாது, உச்சிவெயிலில் சூரியனுக்கே தெரியாது என்பது அவருடைய வாதம்.

செல்போன் வழி காட்டாதா என்றால், காட்டும். ஆனால் அவருடைய போன் ஒரு நிமிடம் சும்மா இருக்காது. பெண்ணின் அம்மா, பெண்ணின் அத்தை, பூக்காரர், மறுபடியும் பெண்ணின் அம்மா. சரியாகத் திரும்பவேண்டிய இடத்தில் யாராவது கூப்பிடுவார்கள். வழி சொல்லும் குரல் அடங்கிப்போய், “ஜடை பில்லை எடுத்தீங்களாம்மா?” என்ற குரல் கேட்கும். அவருடைய கணவர் ஆண்டனி பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பார். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கும் அவரிடம் இருப்பது பட்டன் போன்.

சீர்காழியிலும் அப்படித்தான் ஆனது. போன் வந்து வழி தவறியது. ஒரு டீக்கடையில் “அன்னை மகால் எங்கங்க?” என்று கேட்டார். மேற்கால போகச் சொன்னார்கள். எப்படியோ போய், பெரிய வாழைமரம் கட்டிய அன்னை மகாலில் இறங்கினார். அலங்காரப் பெட்டியைப் பார்த்ததும் ஓர் அம்மா ஓடிவந்து, “வந்துட்டியா தாயி, வா வா” என்று கையைப் பிடித்து அறைக்குள் தள்ளிவிட்டார். பெண் நாற்காலியில் தயாராக இருந்தாள். ரோஸ்லினும் தூரிகையை எடுத்துவிட்டார்.

அரை மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. “அக்கா, வரவேற்புக்கு எல்லாரும் வந்துட்டாங்க. எங்க இருக்கீங்க?”

“உன் எதிர்லதாம்மா இருக்கேன்” என்று சொல்லிவிட்டு ரோஸ்லின் நிமிர்ந்தார். எதிரில் இருந்தவள் வாயே திறக்கவில்லை.

சீர்காழியில் ஒரு அன்னை மகால் ஊருக்குள் இருந்தது. இன்னொன்று ஊருக்கு வெளியே. இரண்டிலும் அன்றைக்குக் கல்யாணம். பெட்டியை வாரிக்கொண்டு எழுந்தபோது, கண்ணாடியில் பாதி முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெண் கெஞ்சினாள்: “அக்கா, இந்தப் பக்கமும் இதே மாதிரி பண்ணிட்டுப் போங்கக்கா!” நல்லவேளையாக, அந்த நேரம் பார்த்து அவளுக்குரிய அலங்காரக்காரி வாசலில் வந்து நின்றாள். உள்ளே வந்து பாதி முகத்தையும் ரோஸ்லினையும் மாறிமாறிப் பார்த்தாள். ரோஸ்லின் அவள் கையில் தூரிகையைக் கொடுத்துவிட்டு ஓடினார். தான் அலங்கரிக்கவேண்டிய பெண்ணை மேடையேற்றுவதற்குள் மாப்பிள்ளை இரண்டு தடவை காப்பி குடித்துவிட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது ஆண்டனிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. ரோஸ்லின் முறைத்தார். மணல்மேடு வருவதற்குள் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வண்டியை ஓரமாக நிறுத்திக் கண்ணில் நீர் வரும்வரை இருவரும் சிரித்தார்கள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு ரோஸ்லின் சொன்னார்: “வழி சொல்றதுக்குன்னே தனியா ஒரு மிஷின் இருக்காமே. அது வேணும் எனக்கு. அதுல யாரும் போன் பண்ணக் கூடாது.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு கும்பகோணம் போனார்கள். கார் சாமான்கள் விற்கும் ஜாபிரின் கடை. ஜாபிர் சவூதியில் பன்னிரண்டு வருடம் டிரைவராக இருந்தவர். “பாலைவனத்துல எனக்கு உம்மா வாப்பா எல்லாமே இந்த ஜிபிஎஸ்தான்க்கா” என்று மூன்று கருவிகளை எடுத்து வைத்தார்.

முதலாவது ஒரு தட்டு அளவுக்கு இருந்தது. பாட்டு, படம், பின்னால் பார்க்கும் கேமரா எல்லாம் உண்டு. ஆண்டனி அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. “கிரிக்கெட் பாக்கலாம் ரோஸ்.”

“நான் ரோட்டப் பாக்கணும்ங்க.”

அது இங்கிலீஷில் மட்டும் பேசும். திருத்துறைப்பூண்டிக்கு வழி கேட்டார்கள். ஊர்ப் பெயரைச் சொல்லத் தொடங்கி நடுவில் மூச்சு முட்டி, கடைசியில் ‘பாண்டி’ மாதிரி எதையோ சொல்லி முடித்தது. கடைக்கு வந்திருந்த இன்னொருவர்கூடச் சிரித்துவிட்டார்.

இரண்டாவதுதான் மிகவும் மலிவு. ரோஸ்லினின் முகம் மலர்ந்தது. ஓட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன் என்றார். ஜாபிர் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். புதுப்பாலத்தில் ஏறியதும் ஆண்டனி திரையைக் காட்டி அலறினார்: “ரோஸ், நாம ஆத்துக்குள்ள போய்க்கிட்டு இருக்கோம்!” திரையில் அவர்களுடைய கார் காவிரியின் நட்ட நடுவில் நீந்திக்கொண்டிருந்தது. அந்த வரைபடம் போட்ட காலத்தில் அந்தப் பாலம் இல்லை.

“இதுக்குப் புது மேப் போட முடியாதுக்கா. அதான் இந்த விலை” என்று ஜாபிர் பின்னாலிருந்து ஒப்புக்கொண்டார்.

பாலம் தாண்டி வண்டியை ஓரம் கட்டியதும் ஜாபிர் மூன்றாவதை நீட்டினார். அது உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. தமிழில் பேசும். சிக்னல் இல்லாத இடத்திலும் வழி காட்டும், புது மேப் காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம் என்றார் ஜாபிர். ரோஸ்லின் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கை நீளத்துக்குத் தள்ளிவைத்துப் பார்த்தார். எழுத்து தெரிந்தது. ஊர்ப் பெயரை ஆண்டனியை அடிக்கச் சொன்னார். நாலு தட்டில் முடிந்தது.

“பாய், ஒண்ணு கேக்கணும். நான் தப்பா திரும்பினா இது திட்டுமா?”

“திட்டாதுக்கா. வேற வழி சொல்லும்.”

ரோஸ்லினுக்கு நம்பிக்கை வரவில்லை. இடப்புறம் திரும்பச் சொன்ன இடத்தில் வேண்டுமென்றே வலப்புறம் திரும்பினார். கருவி ஒரு கணம் யோசித்தது. பிறகு அதே பொறுமையான குரலில், “புதிய வழி. முந்நூறு மீட்டரில் இடப்புறம் திரும்பவும்” என்றது. அடுத்த முனையிலும் தப்பாகத் திரும்பினார். அதற்கும் கோபமில்லை. ஐந்தாவது தடவையாகத் தப்பாகத் திரும்பியபோது ரோஸ்லின் சின்னப் பெண்ணைப் போலக் கைகொட்டத் தொடங்கிவிட்டார். “அக்கா, ஸ்டீயரிங்கப் புடிங்க!” என்று ஜாபிர் கத்தினார்.

“கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல என்கிட்ட இவ்வளவு பொறுமையா யாரும் வழி சொன்னதில்ல” என்றார் ரோஸ்லின். ஆண்டனி சன்னல் வழியாக வெளியே பார்த்தார். மலிவானதைவிடச் சற்றுக் கூடுதல் விலை, பெரியதில் பாதிகூட இல்லை. அதையே வாங்கிக்கொண்டார்கள்.

தை மாதம். முதல் சோதனை திருத்துறைப்பூண்டிக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில். பத்தரைக்கு முகூர்த்தம், ஏழு மணிக்கு அங்கே இருக்கவேண்டும். விடிவதற்கு முன்னால் கிளம்பினார்கள். போன் ஆண்டனியின் மடியில் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எல்லாருக்கும் “வந்துக்கிட்டே இருக்காங்க” என்று பதில் சொன்னார். கருவி பேரளம், நன்னிலம், திருவாரூர் என்று பிசகாமல் கூட்டிக்கொண்டு போனது.

கிராமத்துக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கும்போது சாலை அடைத்துக்கொண்டது. லாரியிலிருந்து நெல் அறுக்கும் மிஷினை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதி இறங்கிய நிலையில் அது பலகையில் மாட்டிக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் கதிர் சாய்ந்த வயல்.

மருதையன் என்ற வயல்காரர் வந்து சன்னலில் குனிந்தார். “ஒரு மணி நேரம் ஆவும்ங்க. திரும்பித் தெக்கால போயி, மதகுகிட்ட மேக்கால ஒடிங்க. அப்புறம் வடக்கால…”

ஆண்டனியின் முகம் வெளுத்தது. ரோஸ்லின் மட்டும் சிரித்தபடி, “சரிங்கண்ணே” என்று சொல்லிவிட்டு வண்டியைப் பின்னாலேயே எடுத்தார். முச்சந்தி வரை ஒரே நேர்க்கோட்டில், வயலில் சக்கரம் இறங்காமல் பின்னோக்கி வந்தார். லாரி ஆட்கள் விசில் அடித்தார்கள்.

“புதிய வழி” என்றது கருவி.

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” என்று ரோஸ்லின் கூவினார். மதகு வந்தது. வாய்க்கால் கரை வந்தது. வாத்துக்கூட்டம் ஒன்று சாவகாசமாகக் குறுக்கே போனது. அது முடிந்து மண்டபம் வந்தது. மணி ஆறு ஐம்பது. இறங்கியதும் ரோஸ்லின் முதலில் வாசல் பலகையில் இருந்த மணமக்கள் பெயரை உரக்கப் படித்தார். பிறகு ஆண்டனியையும் ஒருமுறை படிக்கச் சொன்னார். சரியான கல்யாணம்தான்.

அன்றைக்கு அவசரமே இல்லாமல் பெண்ணை அலங்கரித்து முடித்தார். பெண்ணின் அம்மா, “எம்மவளா இது!” என்று அழுதே விட்டார்.

பந்தியில் சாப்பிட்டு முடித்து வண்டியில் ஏறியபோது மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. ரோஸ்லின் கருவியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

“கோடியக்கரைன்னு அடிங்க.”

“அங்க நமக்கு என்ன வேலை?”

“ஒரு வேலையும் இல்ல. அதுக்குத்தான்.”

பதினெட்டு வருடமாக டெல்டா முழுக்கச் சுற்றியவர் மண்டபங்களைத் தவிர வேறெதையும் பார்த்ததில்லை. வேதாரண்யம் தாண்டி உப்பளங்கள் வெள்ளை வெள்ளையாக விரிந்தன. தூரத்தில் தண்ணீரில் நின்ற பறவைக் கூட்டம் ஒன்றாக எழும்பிற்று, வானத்தில் ரோஜா நிறம் தீற்றியது போல இருந்தது. அந்த நிறத்தை எந்தக் கன்னத்துக்குப் போடலாம் என்று ரோஸ்லின் வாய்விட்டு யோசித்தார். சாலை முடிந்து கடல் தெரிந்ததும், “நீங்கள் சேருமிடத்தை அடைந்துவிட்டீர்கள்” என்றது குரல்.

ஆண்டனி பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். ரோஸ்லின் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவர் பின்னாலேயே ஓடினார். அலை வந்து இருவரையும் இடுப்பு வரை நனைத்தது.