ஏழு மணிக்கு வந்தவர்

அன்று அப்பா கேட்கச் சொன்னதை நான் அப்படியே கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

அப்போது எனக்கு எட்டு வயது. பின்லாந்தில், காடும் வயலுமான ஒரு சின்னக் கிராமசபைப் பகுதியில் இருந்தோம். தமிழர் என்று நாங்கள் மட்டும்தான். புதுவருடத்தோடு எங்கள் சபை பக்கத்து நகரத்துடன் இணைக்கப்படுகிறது என்று மார்கழியில் கடிதம் வந்தது. ஊர்ப்பலகை மாறும், வேறொன்றும் இல்லை என்று வகுப்பில் ஆசிரியை சொல்லியிருந்தார். ஆனால் கடிதத்தை நான் தமிழில் வாசித்துச் சொன்னதும், இலங்கைப் போரில் ஊரை விட்டு விரட்டப்பட்ட அப்பாவின் முகம் மாறிவிட்டது.

"ஊரை எடுக்கிறவங்கள் சனத்தை மட்டும் விடுவாங்களே?"

அம்மா கடவுச்சீட்டுகள், பிறப்புச் சான்றிதழ்கள், கலியாணப் படம், கொஞ்சம் அரிசி எல்லாவற்றையும் ஒரு பையில் வைத்தார்.

வருடத்தின் கடைசி நாள் பக்கத்து வீட்டுக்காரர் வெளியே நின்றார். சபையின் பனி அள்ளும் வண்டியை ஓட்டுபவர். என் சிநேகிதியின் தகப்பன். அப்பாவுக்கோ அவர் அரசாங்க ஆள்.

"எங்களை வீட்டை விட்டு வெளிக்கிடுத்த எத்தனை மணிக்கு வருவினம் எண்டு கேள், பிள்ளை."

எனக்கு வெட்கமாக இருந்தது. நாளைக்குப் பனி அள்ள எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று, அப்பாவுக்கு விளங்காத பின்னிஷ் மொழியில் கேட்டேன். அவர் சிரித்தபடி ஏழு விரல்களைக் காட்டினார். அப்பா தலைகுனிந்து நன்றி சொன்னார்.

மறுநாள் காலை மூவரும் குளிரங்கியும் சப்பாத்துமாக சோபாவில் இருந்தோம். அம்மாவின் மடியில் பை. உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சரியாக ஏழு மணிக்கு மஞ்சள் விளக்கு சுழல வண்டி வந்தது. அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் வாசல் பனியை ஒதுக்கினார், யன்னலில் என்னைக் கண்டு கையசைத்தார், போய்விட்டார்.

அப்பா விம்மி அழுதார். யாரும் வரவில்லைத்தானே, பிறகு எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.

இப்போது லண்டனில், மிச்சம் என்ற பகுதியில் இருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்வார்: "எங்களைப் பிடிக்க வந்த மனிசன், பிள்ளையின்ர முகத்தைப் பார்த்திட்டு விட்டிட்டுப் போனவர். தங்கமான சனம்!" போன கிழமை என் ஆறு மாத மகளை மடியில் வைத்துக்கொண்டும் அதையே சொன்னார்.

நான் சொன்ன பொய் அவளுக்கும் கதையாகப் போகிறதே என்று பயமாக இருக்கிறது. அப்பாவிடமிருந்து அந்த மனிதரைப் பறிக்கவும் மனம் வரவில்லை. வாசிக்கிறவர்களே, நீங்கள் என்றால் சொல்வீர்களா?