தையல்நாயகி அம்மாள் வீடு விலைபோன விதம்

வீட்டுத் தரகு என்பது, அடுத்தவர் குடும்பச் சண்டைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய் உட்காருகிற தொழில். வீடு விற்க அலைந்தவர்கள், வாங்க அலைந்தவர்கள், இரண்டு பேருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது புரியும். பாபநாசம் வட்டாரத்தில் எத்தனையோ வீடு முடித்துக் கொடுத்திருக்கிறேன். என் உயிரை வாங்கியது ஒன்றே ஒன்றுதான்.

பாபநாசத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊரில் இருந்தது அது. தையல்நாயகி அம்மாளின் வீடு. புருஷன் காலமாகிவிட்டார், ஒரே பெண் திருச்சியில். அந்தப் பெண்ணுக்கு இரண்டு தடவை கரு தங்கவில்லை. மூன்றாவது தங்கியிருந்தது, கட்டிலை விட்டு இறங்கவே கூடாதென்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா பக்கத்தில் வந்து இருக்க வேண்டும். பூட்டிவிட்டுப் போகலாமே என்றால், எங்கே பார்த்தாலும் கூலித் தகராறு, நிலத் தகராறு, போலீஸ் லாரி என்றிருந்த காலம். பூட்டின வீட்டில் யாராவது கொடியை நட்டுவிடுவான் என்று அம்மாளின் தம்பி சிங்காரம் பயமுறுத்தி வைத்திருந்தார். ஆக, வீடு விற்றால்தான் அம்மாள் பஸ் ஏற முடியும்.

யாருக்கும் தெரியாமல் விற்க வேண்டும்

சிங்காரம் போட்ட முதல் நிபந்தனையைக் கேட்டுச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வீடு விலைக்கு இருப்பது வெளியில் தெரியவே கூடாதாம், கௌரவக் குறைச்சலாம். நம் பக்கத்தில் இது ஒரு வியாதி. காலியாகிற வரைக்கும் களஞ்சியம் நிறைந்திருக்கிற மாதிரியே நடப்போம். வீடு பார்க்க வருகிறவர்களை நான் தூரத்துச் சொந்தம் என்று சொல்லி அழைத்து வர வேண்டும் என்று ஏற்பாடு.

முதலில் கும்பகோணத்து வெற்றிலை வியாபாரி ஒருவர் வந்தார். கூடம், ரேழி, அடுப்படி எல்லாம் பார்த்தார், பிடித்துத்தான் இருந்தது. திரும்பும் வழியில் டீக்கடையில் நின்று வாயைக் கொடுத்தார். வீடு விற்பதாகவே கேள்விப்படவில்லையே என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. நில உச்சவரம்புச் சட்டத்துக்குப் பயந்து, மிச்ச நிலத்தை மச்சான் பேரிலும் மாமியார் பேரிலும் எழுதிக்கொண்டிருந்த சமயம் அது. ரகசியமாக விற்றால் வில்லங்கம் என்றுதானே யாருக்கும் தோன்றும்? பஸ் ஏறும்போது அவர் என்னிடம் சொன்னார்: "ஊருக்கே தெரியாம விக்கிற சொத்தா ரத்தினம்? வேணாம்ப்பா. நான் வெத்தல வித்தே பொழச்சுக்கறேன்."

சுண்ணாம்பு

ரகசியம் வேண்டாம் என்று அம்மாளிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதம் வாங்கினேன். அடுத்து வீட்டுக்கு முகம் கழுவிவிட வேண்டும். ஓடு மாற்றி, வெளிச்சுவர் முழுக்கச் சுண்ணாம்பு அடித்தோம். சுவரில் பழைய தேர்தல் சின்னம் ஒன்று ஆள் உயரத்துக்கு இருந்தது. எந்தக் கட்சிக்காரர் வாங்க வந்தாலும் முகம் சுளிக்கக்கூடாதே என்று அதன் மேல் மட்டும் மூன்று பூச்சு.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் அதே இடத்தில் எதிர்க்கட்சிச் சின்னம், இன்னும் ஈரம் காயாமல். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஏணியில் நின்ற ஆள் என்னைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். "நல்ல வெள்ளைங்க. எங்களுக்கும் செலவு மிச்சமாச்சு."

உப்புக் கிணறு

சின்னத்தோடேயே ஆட்கள் வரத்தான் செய்தார்கள். முன்பக்கம் பார்க்கும்வரை முகத்தில் களை இருக்கும். கொல்லைப்பக்கம் போய்விட்டு வந்தால் மூஞ்சி தொங்கிவிடும். காரணம் புரியாமல் நான் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒருநாள் ஒரு பள்ளிக்கூட வாத்தியாருக்குப் பின்னாலேயே போய் நின்றபோதுதான் தெரிந்தது.

கொல்லைக் கடைசியில் ஒரு குடிசை. அம்மாளின் பண்ணையில் காலமெல்லாம் உழைத்த மாரியப்பனும் அவர் பெண்டாட்டி அஞ்சலையும் அதில் குடியிருந்தார்கள். வாத்தியார் கிணற்றை எட்டிப் பார்த்துத் தண்ணீர் எப்படி என்று கேட்டார். அஞ்சலை துணி அலசிக்கொண்டே, தலையைக் கூட நிமிர்த்தாமல் பதில் சொன்னாள். நான் நாள் தவறாமல் குடித்த தண்ணீர் அது, கற்கண்டு மாதிரி இருக்கும்! அவள் சொன்னதோ: "மழைக்காலத்துல பரவாயில்லீங்க. சித்திரை வந்தா உப்பு. குளிச்சா தலை சிக்குப் பிடிச்சுக்கும்."

வைக்கோல் போர்

இந்த இடத்தில் சிங்காரத்தின் மூளை வேலை செய்தது. அப்போதுதான் குடியிருப்புச் சட்டம் வந்திருந்தது. பண்ணையாள் குடியிருக்கிற மனை அவனுக்கே சொந்தம் என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. குடிசையைப் பார்த்தால் எவன் வாங்குவான் என்பது அவர் வாதம். அதனால் குடிசைக்கு முன்னால் பெரிய வைக்கோல் போர் ஒன்றை அடுக்கச் சொல்லிவிட்டார். அடுக்கிக் கொடுத்ததே மாரியப்பன்தான், பாவம். எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு வந்தவர் திருத்துறைப்பூண்டிப் பக்கத்து விவசாயி. அங்கே தகராறில் போர்கள் எரிந்ததைக் கண்ணால் பார்த்தவர். கிணற்றடியில் நின்று பேசிக்கொண்டிருக்கும்போதே வைக்கோலுக்கு மேலே புகை கிளம்பியது. அவ்வளவுதான், மனுஷன் போட்ட கூச்சலில் தெருவே குடத்தோடு ஓடிவந்தது. எரியாத போரை எல்லோரும் சேர்ந்து அணைத்தார்கள். அந்தப் பக்கம் அடுப்பில் உலை வைத்திருந்த அஞ்சலை, சோற்றுப்பானையோடு தொப்பலாக நனைந்து வெளியே வந்தாள். விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

எல்லோரும் சிரித்தார்கள். அஞ்சலை சிரிக்கவில்லை. நேராகத் தையல்நாயகி அம்மாள் முன்னால் வந்து நின்றாள். அவள் குரல் உயரக்கூட இல்லை. "எங்கள மறைக்க இவ்ளோ பாடுபட்டீங்களேம்மா. வீட்ட வித்தா நாங்க எங்க போறதுன்னு ஒரு வார்த்த சொன்னீங்களா?"

கல் நட்ட நாள்

அன்று சாயந்திரம் அம்மாள் ஒன்றும் சாப்பிடவில்லை. சிங்காரம் விடாமல் பேசினார். ஒரு மூலையை எழுதிக் கொடுத்தால் கொல்லை முழுக்கப் போய்விடும், ஏதாவது கொடுத்து அவர்களைக் காலி செய்வதுதான் வழி என்றார். அம்மாள் என்னைப் பார்த்தார். சட்டப்படி அது ஏற்கெனவே அவர்கள் இடம்தான், அளந்து கல் நட்டுவிட்டால் வாங்குகிறவனுக்கும் எது எவ்வளவென்று தெரிந்துபோகும் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். திருச்சியிலிருந்து வந்த ஆள் ஒருவர், பெண்ணுக்குக் கால் வீங்கியிருப்பதாக அன்றைக்குத்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அதற்குமேல் அம்மாளுக்குப் பொறுக்கவில்லை, அளந்துவிடச் சொல்லிவிட்டார்.

தாலுகா ஆபீசுக்கு நடையாய் நடந்து சர்வேயரைக் கூட்டி வந்தேன். சங்கிலி பிடித்து அளந்து, குடிசையும் அதன் வாசலும் தெருவுக்குப் போகிற வழியும் மாரியப்பனுக்கென்று பிரித்துக் கல் நட்டாயிற்று. மாரியப்பன் கல்லைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்காரம் கடைசியாக ஒரு தடவை வாயைத் திறந்தார். அம்மாள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என் பொண்ணு அங்க படுத்த படுக்கையா கெடக்கா. இந்த மூலைக்காக நான் இங்க காவல் இருக்கணுமாடா?"

பின்பக்கத்திலிருந்து வீடு பார்த்தவர்

அதற்குப் பிறகு வந்தவர் மரியம் பீவி. புருஷனுக்குப் பினாங்கில் மளிகைக் கடை, ஊருக்கு வருவதே அபூர்வம். அண்ணனோடு வந்திருந்தார். அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து என்னிடம் மரம் தேக்கா, வில்லங்கம் உண்டா என்று துருவிக்கொண்டிருந்தார். அந்த அம்மா அதையெல்லாம் காதில் வாங்காமல் நேரே கொல்லைக்குப் போய்விட்டார். எனக்குத் திக்கென்றது. அஞ்சலை அங்கேதான் இருந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன்.

போய்ப் பார்த்தால் அஞ்சலை வாளியில் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இந்த வட்டாரத்திலேயே இந்தக் கிணறு மாதிரி கிடையாது, கோடையிலும் வற்றாது, பருப்பு ஒரு கொதியில் வெந்துவிடும் என்று ஒரே புகழ்ச்சி. சித்திரை மாசத்து உப்பு எங்கே போயிற்றோ! மரியம் பீவி குடிசையைக் காட்டி விசாரித்தார். அது எங்க சொந்த மனை என்று அஞ்சலை நிமிர்ந்து நின்று சொன்னாள். போச்சு என்று நினைத்தேன். நானே முந்திக்கொண்டு, வேலி போட்டு மறைத்துவிடலாம் அம்மா என்று ஆரம்பித்தேன். மரியம் பீவி கையைக் காட்டி என்னை நிறுத்தினார். "வேலியெல்லாம் வேணாங்க. அவுக பினாங்குக்குச் சபுர் போயிட்டா வருசக்கணக்குல நானும் புள்ளைகளும் தனியாத்தான். கூப்பிட்டா குரல் கேக்குற தூரத்துல ஒரு குடும்பம் இருக்குல்ல, அதுக்காகவே இந்த வீட்டை எடுத்துக்கறேன்."

பஸ் ஏறியது

பத்திரம் முடிந்த மறுநாளே தையல்நாயகி அம்மாள் கிளம்பிவிட்டார். டிரங்குப் பெட்டியை மாரியப்பன் பஸ் மேலே ஏற்றினார். ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்த பிறகுதான் அம்மாள் முகத்தில் இருந்த இறுக்கம் இளகியது. எனக்கும் தோளில் இருந்து மூட்டையை இறக்கிவைத்த மாதிரி இருந்தது. அந்த மாசமே திருச்சியில் பேத்தி பிறந்தாள், தாயும் பிள்ளையும் சுகம். சேதியை மாரியப்பனிடம் சொல்லப் போனேன். அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. அஞ்சலை என் கையில் சர்க்கரையைக் கொட்டினாள். "புள்ள பொறந்ததுக்கும்தான், நாங்க இங்கயே இருக்கறதுக்கும்தான். ரெண்டுக்கும் சேத்துத் தின்னுங்க."

ஓடு மாற்றினோம், சுண்ணாம்பு அடித்தோம், வைக்கோலை மலையாகக் குவித்தோம். கடைசியில் அந்த வீட்டை விற்றுக் கொடுத்தது நாங்கள் மறைக்கப் பார்த்த குடிசைதான், தரகை மட்டும் கூச்சப்படாமல் நான் வாங்கிக்கொண்டேன்.