வாதி ஏற்றிய சூடம்

பூதலூர் பக்கம் எங்கள் வாய்க்கால் கரையில் ஒரு பிள்ளையார் இருக்கிறார். கரை அரசாங்கத்துக்குச் சொந்தம். கோயிலைக் கட்டியவர் பக்கத்து வயல்காரர், இப்போது சிங்கப்பூரில் வேலை.

கோயில் மேடை வாய்க்காலுக்குள் நீண்டுவிட்டதால் என் வயலுக்குத் தண்ணீர் ஏறுவதில்லை. இந்தக் குறுவையில் பாதி காய்ந்தது. கோயிலை அகற்றச் சொல்லி வழக்குப் போட்டவன் நான்தான்.

இன்று காலை சர்வேயரும் விஏஓவும் இடத்தை அளக்க வந்தார்கள். சர்வேயர் டேப்பைப் பிரிக்கவே இல்லை.

"சூடம் ஏத்தாம நான் எந்த வேலையும் ஆரம்பிக்கிறதில்லைங்க."

"சார், இந்தப் பிள்ளையார எடுக்கத்தானே அளக்க வந்திருக்கீங்க?"

"அதுக்குத்தாங்க. அவருகிட்டயே ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆரம்பிச்சிடலாம்."

கடைக்கு ஓடிப்போய்ச் சூடம் வாங்கி வந்தவன் நான். அவர் கையில் டேப் இருந்ததால் ஏற்றியவனும் நான். சுடர் எழும்பியதும் பழக்கதோஷத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். விஏஓ அதைப் போட்டோ எடுத்தார்.

சர்வேயர் அளந்து முடித்து, நேரில் கண்டதை மகஜராக எழுதி என்னிடம் கையெழுத்துக்கு நீட்டினார்.

'மேற்படி இடத்தில் வழிபாடு நடந்துவருகிறது. பார்வையிட்ட சமயம் மனுதாரரே சூடம் ஏற்றி வழிபட்டார்.'

"என்ன சார் இது?"

"பார்த்ததத்தாங்க எழுத முடியும்."

பொய் என்று சொல்ல வழியில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

போட்டோ அதற்குள் சிங்கப்பூர் போய்விட்டது. பிரதிவாதியான அந்தப் பக்கத்து வயல்காரர் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு கும்பிடு அனுப்பியிருக்கிறார்.

வக்கீலிடம் என்ன சொல்வது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் கும்பிடுக்கு என்ன பதில் போடுவது, அதை மட்டும் சொல்லுங்கள்.