டர்பைனுக்குப் பசிக்கக் கூடாதாம்!

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குக் கோபம் தணியவில்லை. யார் மேல்? சொல்கிறேன்...

என் மச்சினன் சங்கரன் ஆய்க்குடிக்காரன். பக்கத்தில் ஓர் ஆலையில் இன்ஜினியர். அங்கே மின்சாரம் தயாரிக்க ஒரு கேஸ் டர்பைன் ஓடுகிறது. வெயில் கொளுத்திய மே மாதத்தில் ரீடிங் எடுத்துவிட்டு, டர்பைனைப் பிரித்து சர்வீஸ் செய்தான். மறுபடி ஓட்டிப் பார்த்தபோது குளுகுளுவென்று சாரல் சீசன். மீட்டர், எரிபொருள் முன்பைவிடக் கூடுதலாகப் போவதாகக் காட்டியது.

அவ்வளவுதான்! ‘சர்வீஸில் கெடுத்துவிட்டாய்’ என்று மேனேஜர் மெமோ கொடுத்து, சஸ்பெண்டும் செய்துவிட்டார்.

சங்கரன் என்னிடம் புலம்பினான். "அத்தான், குளுந்த காத்து அடர்த்தியா இருக்கும். மெஷின் அதை நெறைய இழுக்கும், கரண்டும் கூடத் தரும். அப்போ எரிபொருளும் கூடத்தானே செய்யும்? ரெண்டு ரீடிங்கையும் பதினஞ்சு டிகிரி, கடல் மட்டத்துக் காத்தழுத்தம்னு ஒரே நிலைக்கு மாத்திட்டுல்லா ஒப்பிடணும்! மாத்திப் பாத்தேன்... முன்னைவிட நல்லாத்தான் ஓடுது. அவரு அந்தக் கணக்கைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்காரு."

தெருவில் பார்க்கிறவர்களெல்லாம் ‘என்ன, லீவா?’ என்று கேட்பதால் அவன் வீட்டைவிட்டே இறங்குவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நான்தான் வம்படியாகக் குற்றாலத்துக்கு இழுத்துப் போனேன்.

புரோட்டாக் கடையில் உட்கார்ந்தால்... எதிர் மேஜையில் அதே மேனேஜர்! அருவியில் குளித்த ஈரத்தலை, கழுத்தில் மஃப்ளர். சங்கரன் அவர் கண்ணில் படாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கிளம்பிவிடலாம் என்றான். நான் நகரவில்லை. தட்டு காலியாகக் காலியாக, "இன்னும் ரெண்டு போடுப்பா" என்று கேட்டுக்கொண்டே இருந்தார் மனிதர். நான் பார்ப்பதைக் கவனித்ததும் லேசாகக் கூச்சம்.

"வீட்டுல இவ்வளவு திங்க மாட்டேன் அண்ணாச்சி. இங்கன சாரல் காத்துக்குப் பசி பயங்கரமா எடுக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒங்க டர்பைனுக்கும் அதே சாரல்தான் சார்! அதுக்குப் பசிச்சா மட்டும் இவனுக்கு மெமோவா?"

கடையே திரும்பிப் பார்த்தது. சங்கரன் தலை நிமிரவில்லை.

நமக்கென்றால் வெயில், குளிர், சூழ்நிலை என்று எத்தனை சலுகை கொடுத்துக்கொள்கிறோம்... அடுத்தவனுக்கு மட்டும் வெறும் மீட்டர்! இவர் படித்தவர் வேறு. படித்து என்ன? தன் வயிற்றுக்குப் புரிந்தது கையெழுத்துப் போடும்போது புரியவில்லையே!

அவர் நிதானமாகப் புரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே, "ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ்ல வந்து பேசச் சொல்லுங்க" என்றார்.

எந்த ஆபீஸ்? சங்கரனை ஆலை கேட்டுக்குள்ளேயே விடக் கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு போட்டிருப்பவரே இவர்தான்!