ஜெய்ப்பூர் ரயிலில் நான், வயலில் யார்?

பேய், முனி என்று யாராவது பேச்செடுத்தால் முதலில் சிரிக்கிற ஆள் நான்தான். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் வாய்க்கால் வரப்பில் முனி நடக்கிறது என்பார்கள். "நடந்தா நடக்கட்டும், அப்படியே என்ற வயலுக்கு மடை திருப்பிவிட்டுட்டுப் போகச் சொல்லுங்க" என்று நான் கேலி பேசுவேன். அப்படிப் பேசின வாயால்தான் இதைச் சொல்கிறேன். நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி, நடந்தது நடந்ததுதான்.

போன தை மாதம் எங்கள் மகள் எனக்கும் அவள் அப்பாவுக்கும் டூர் போட்டுக் கொடுத்தாள். கோயமுத்தூரில் விமானம் ஏறி டெல்லி, அங்கிருந்து ரயிலில் ஜெய்ப்பூர். எங்கள் தெருவில் அதுவரை விமானம் ஏறின பெண் யாருமில்லை, நான்தான் முதல். அந்தப் பெருமையை நான் மறைக்கவும் இல்லை, ஒரு வாரம் அதையே பேசித் தீர்த்தேன். கிளம்புகிற அன்றைக்குக் கார் பக்கத்தில் எல்லாரும் நின்றார்கள். "அப்ப நான் போறேன்" என்றேன்.

பக்கத்து வயல்காரன் செல்வராசின் மனைவி மயிலாத்தா பதறிப்போனாள். "ஏனுங்க்கா, ஊருக்குக் கிளம்பறப்ப போறேன்னு சொல்லுவாங்களா? போயிட்டு வர்றேன்னு சொல்லுங்க்கா!"

அதெல்லாம் நமக்கா? கார் நகர்ந்ததும் ஜன்னலில் தலையை நீட்டி, "பிளேன்ல போறேன்டி!" என்று ஒரு கத்துக் கத்தினேன். எல்லாரும் சிரித்தார்கள், மயிலாத்தா மட்டும் சிரிக்கவில்லை.

விமானத்தில் என் வீட்டுக்காரர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நான் மூடவில்லை, மேகத்தை மேலிருந்து பார்த்தேன். டெல்லியில் பார்த்ததையெல்லாம் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும், அதனால் அதை விடுங்கள். ஜெய்ப்பூர் ரயிலில் உட்கார்ந்திருந்தபோது, மத்தியானம் சாப்பிட்டு முடித்த கையோடு, போனில், வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விடுகிற கனால்காரர்களின் செய்தி வந்தது. முறை மாறிவிட்டதாம், எங்கள் வயலுக்குத் தண்ணீர் அடுத்த வாரம் இல்லையாம், அன்றைக்குச் சாயங்காலமேயாம்.

நெல் அப்போதுதான் பால் பிடித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு முறைத் தண்ணீர் தவறினால் கதிர் நிமிர்ந்து நிற்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, அத்தனையும் பதர். அந்த வயல் என் கைப்பாடு. நாற்று விட்டதிலிருந்து மடை மாற்றுவது வரை நான்தான், அவர் மாட்டோடு சரி. எங்கள் வயல் கதிரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்கள் தங்கள் வயலைப் பற்றிப் பேசுவார்கள். சும்மா சொல்லவில்லை, வந்து கேட்டுப் பாருங்கள்.

செல்வராசுக்குப் போன் போட்டேன். தண்ணீர் வந்தால் பார்த்துக்கொள்வதாக ஏற்கெனவே சொல்லியிருந்தவன். ஆனால் அவன் கஞ்சிக்கோட்டில் கம்பெனி வேலையில் இருந்தான், அடுத்த ஷிப்டுக்கு வரவேண்டிய ஆள் வரவில்லை. "உடமாட்டேங்கறாங்க்கா, நானென்னங்க பண்ணட்டும்" என்று அழாத குறையாகச் சொன்னான். அதற்குள் ரயில் எங்கேயோ போக, போனும் கட்டாகிவிட்டது.

"போச்சாது உடு புள்ள, ஒரு முறைதான" என்றார் வீட்டுக்காரர். எனக்கு வந்த கோபத்துக்கு ரயில் என்றுகூடப் பார்க்காமல் கத்தியிருப்பேன். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

வெளியே கடுகு வயல் மஞ்சளாகப் போய்க்கொண்டிருந்தது. கண்ணை மூடினேன். மனசுக்குள்ளேயே வரப்பில் நடந்தேன், மடைக்கல்லை எடுத்தேன், கீழ்வாய்க்காலுக்கு மண்வெட்டியால் மண் அள்ளிப் போட்டு அடைத்தேன், தண்ணீர் காலை நனைத்துக்கொண்டு உள்ளே போனது. அப்படியே தூங்கிவிட்டேன் போல.

விழித்தபோது இருட்டிவிட்டிருந்தது, கால் சில்லிட்டிருந்தது. குனிந்து பார்த்தால் கணுக்கால் வரை ஈரம். "தண்ணி பாட்டிலு சாஞ்சிருக்கும்" என்றார் அவர். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் மெட்டிக்குள் சேறு இருந்தது. நகத்தால் எடுத்துப் பார்த்தேன். அந்த ஊர் மண் வெளுத்த மணல். இது கருப்பு, எங்கள் வயல் மண். அவரும் பார்த்தார், அதற்கப்புறம் பாட்டிலைப் பற்றிப் பேசவில்லை. நான் சீட்டைவிட்டு அசையவே இல்லை, வாயைத் திறந்துகொண்டு அவர் தோளில்தான் தூங்கினேனாம்.

ஜெய்ப்பூரில் ரூமுக்குப் போய்ச் சேர்ந்ததும் செல்வராசு கூப்பிட்டான்.

"ஏனுங்க்கா, நீங்க ஊருக்கே போவலீங்களா?"

"என்றா சொல்ற?"

"வேலைய உட்டு ஓடியாந்தனுங்க். இருட்டற நேரம். பாத்தா நீங்க மடையில நிக்கறீங்க, வயலெல்லாம் தண்ணி. அக்கான்னு கூப்பிட்டேன். 'மடை கட்டியாச்சு செல்வராசு, நான் போயிட்டு வர்றேன்'னு சொல்லிப்போட்டு அக்கட்டால நடந்துட்டீங்க. என்ற ஊட்டுக்காரியும் பாத்தா. அதான் கேக்கறேன், எப்பங்க திரும்பி வந்தீங்க?"

நான் போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக வயலுக்குப் போனேன். மண்வெட்டி வரப்பில், பிடி மேலே இருக்கிற மாதிரி நட்டு வைத்திருந்தது. அப்படி வைப்பது நான் மட்டும்தான், செல்வராசு எப்போதும் படுக்கப் போடுவான். வயலில் ஒரு மூலைகூடக் காயவில்லை. அறுப்பில் எங்கள் நெல்தான் முதல், கதிர் ஒவ்வொன்றும் தலை தொங்கி நின்றது. ஆள் டூரில் இருந்தாலும் என் முறைத் தண்ணீர் தவறவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இன்றைக்கும் அதில் எனக்குப் பெருமைதான், யார் வந்து மடை திருப்பியிருந்தாலும் என் வேலை சுத்தமான வேலை.

ஒன்றே ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. மயிலாத்தாதான் ஒரு நாள் களை எடுக்கும்போது, "வர்றேன்னு சொல்லிட்டுப் போனவ வந்துட்டாளாங்க்கா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். அன்றைக்குக் காரில் ஏறிய நான் போறேன் என்றுதான் சொன்னேன். போயிட்டு வர்றேன் என்று சொன்னவள் வயலில் நின்றவள். அவள் இன்னும் வரவில்லை. சொன்ன சொல்லை நான் இதுவரை தவறவிட்டதே இல்லை. அவளும் நான்தானே, வராமல் இருக்கமாட்டாள்.