இரண்டு அறையில் ஏழு வாத்தியார்கள்

போன வாரம் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர் காளியப்பனுக்கு வருமான வரி அலுவலகத்திலிருந்து ஒரு நோட்டீஸ் வந்தது.

ஜமுனாமரத்தூரில் சாமை விதைத்து, புளி உலுக்கி விற்கிற மனிதர். அவருக்கும் வருமான வரிக்கும் என்ன சம்பந்தம்? 'உம்முடைய வீட்டை ஏழு ஆசிரியர்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறீர். அந்த வருமானத்துக்குக் கணக்கு எங்கே?' என்று கேட்டிருந்தார்கள்.

அந்த வீட்டில் வாடகைக்கு இருக்கும் வாத்தியார் நான் ஒருவன்தான். அறைகள் இரண்டு. மழை பெய்தால் ஒன்றரை.

விஷயம் இதுதான். எங்கள் பள்ளியில் சம்பளம் ஏறி, வரி வலையில் விழுந்தவர்கள் ஏழு பேர். பிப்ரவரி வந்தால் நான் எல்.ஐ.சி., பி.எஃப்., வாடகை என்று பைசா பிசகாமல் கணக்குத் தயாரிப்பேன். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் கூட்டியதையே திரும்பக் கூட்டுவேன். மற்ற ஆறு பேரும் என் தாளை வாங்கிப் பெயரை மாற்றிக் காப்பி அடிப்பார்கள். பையன்கள் செய்தால் பெஞ்சு மேல் ஏற்றுகிற அதே ஆறு பேர்!

இவர்களில் நாலு பேர் ஆலங்காயத்தில் சொந்த வீட்டில் இட்லி சாப்பிட்டுவிட்டு பஸ்ஸில் வருகிறவர்கள். ஆனாலும் வாடகைக் கட்டத்தில் என் வீடு, என் வாடகை. ரசீது? ஸ்டாம்ப் ஒட்டி நீட்டினால் காளியப்பன் போட்டுக் கொடுத்துவிடுவார். வாத்தியார் கேட்டு ஒரு கையெழுத்தை மறுக்கிற பழக்கம் இந்த மலையில் இல்லை. இப்படி ஆறு பேருக்கும் ரசீது போனது எனக்கே இப்போதுதான் தெரியும்.

நோட்டீஸைப் படித்துக் காட்டியதும் காளியப்பன் கேட்டது ஒன்றுதான். நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்களா?

ஆசிரியர் அறையில் அவசரக் கூட்டம். பி.டி. மாஸ்டர் ஒரு யோசனை சொன்னார். வருமான வரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வந்தால், அன்று ஏழு குடும்பமும் பாய், படுக்கையோடு என் வீட்டில் இருந்துவிட வேண்டுமாம். மனசுக்குள் எண்ணிப் பார்த்தேன் - இருபத்தொன்பது தலை, ஒரு ஸ்டவ். யாருக்கு எந்த மூலை என்று சண்டை ஆரம்பித்தபோது காளியப்பன் வாசலில் வந்து நின்றார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏழு பேரு வாடகைக்கும் நான் வரி கட்டணுமாம். சரிங்க, கட்டிட்றேன். இந்த சார் ஒருத்தருதான் வாடகை குடுத்திருக்காரு. மீதி ஆறு பேரும் ஒரு வருச வாடகைய குடுத்துடுங்க."

"இன்னா காளியப்பா... இருக்காத வூட்டுக்கு வாடகையா?" என்றார் பி.டி. மாஸ்டர்.

"இருக்கறதா நீங்கதானே சார் எழுதிக் குடுத்தீங்க?"

தமிழய்யா எழுந்து போய் கரும்பலகையில் இரண்டு தொகைகளை எழுதினார். ஒன்று, வருட வாடகை. மற்றது, பொய் சொல்லி மிச்சம் பிடித்த வரி. முதலாவது எத்தனையோ மடங்கு பெரிசு.

சாயங்காலத்துக்குள் ஆறு பேரும் திருத்திய கணக்கு எழுதிவிட்டார்கள். காளியப்பனுக்குத் தாங்கள் ஒரு பைசாவும் கொடுத்ததில்லை என்று ஒரு கடிதமும் கூட. முதல் தடவையாக யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை. இருவர் கூட்டலில் தப்பு விட்டிருந்தார்கள், திருத்திக் கொடுத்தேன்.

மனசாட்சி உறுத்திவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? அட போங்க... வாடகையைவிட உண்மை விலை குறைவாக இருந்தது. வாங்கிக்கொண்டார்கள்.