தட்டை ஒப்படைக்காதவளுக்கு மெஸ் கட் கிடையாது

நீ மூன்று மாதமாக வாடகை கொடுக்கவில்லை. கையில் இல்லாமல் இல்லை; கொடுக்க மாட்டேன் என்கிறாய். போதாததற்கு உன் அறையைப் பூட்டி, சாவியையும் வாணியம்பாடிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாய். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. இப்படி முகத்துக்கு நேராகப் பேசுவதால்தான் விடுதியில் எனக்கு மிளகாய் என்று பேர் வைத்தாய். இப்போது காரமாக இருந்தால் தண்ணீர் குடித்துக்கொள்.

கல்லூரி விடுதியில் நாலு வருஷம் ஒரே அறையில் இருந்தோம். அந்தத் தைரியத்தில்தான் பெங்களூரில் வேலை கிடைத்ததும் சேர்ந்து வீடு தேடினோம். ஈஜிபுராவில் தரைத்தளத்தில் இரண்டு அறை வீடு கிடைத்தது. மாடியில் ஓனர் அம்மா. அவர் வீட்டுக்காரர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். மூன்று தலைமுறையாக இந்த ஊர்க்காரர்கள். தமிழில் பேசிக்கொண்டிருக்கும்போதே கன்னடத்துக்குள் போய் நாலு வார்த்தை வாங்கிக்கொண்டு திரும்பி வருவார் அந்த அம்மா.

அக்ரிமென்ட் போட்ட நாள் உனக்கு நினைவிருக்கிறதோ இல்லையோ, எனக்கு இருக்கிறது. நம்மைச் சோபாவில் உட்காரவைத்து, ஆங்கிலத்தில் அடித்திருந்ததைப் பத்தி பத்தியாகத் தமிழில் விளக்கினார்.

"வாடகைக்கு நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து பொறுப்பு. ஒருத்தி குடுக்கலன்னா இன்னொருத்தி முழுசா குடுக்கணும். அர்த்த ஆயிதா?"

உன் கவனமெல்லாம் தட்டில் வைத்திருந்த மொறுமொறு நிப்பட்டில் இருந்தது. வாய் நிறைய அதை மென்றபடி, "ஆயிது ஆன்ட்டி," என்றாய். புரிந்துவிட்டதாம். பெங்களூர் வந்து நீ பேசிய முதல் கன்னடம் அதுதான். அதுவும் பொய்.

பிறகு பால் காய்ச்சினோம். பொங்கி வழிந்தால் நல்லது என்று சொல்லி, அடுப்பை அணைக்காமல் படம் எடுத்துக்கொண்டிருந்தாய். நல்லது உனக்கு, அடுப்புத் துடைக்கிறது எனக்கு. எந்த அறை யாருக்கு என்று சீட்டு குலுக்கிப் போட்டோம். சீட்டை எழுதியதும் நீ, குலுக்கியதும் நீ, எடுத்ததும் நீ. குளியலறை சேர்ந்த அறை உனக்கு வந்தது. எனக்குத் தெருப்பக்கத்து அறை. நான் குளிக்கப் போக வேண்டுமென்றால் சமையலறையைத் தாண்டி, பின்கதவைத் திறந்து, இரண்டு படி இறங்க வேண்டும். அந்தச் சீட்டுகளை நான் பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

உன் கம்பெனி வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்று சொன்னதும் ஜோலார்பேட்டை வழியாகப் போகிற முதல் ரயிலில் ஏறினாய். கட்டில், பீரோ, மிக்ஸி, ஊரில் யாரும் போடவிடாத அந்தக் கிழிந்த ஜீன்ஸ் எல்லாவற்றையும் அறையிலேயே வைத்துப் பூட்டினாய். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி உன்னிடமிருந்து மெசேஜ் வந்தது: "நான் ஊர்ல இருக்கேன்டி, எனக்கு மெஸ் கட் போட்டுடு."

விடுதியை மறந்தவர்களுக்காகச் சொல்கிறேன். ஊருக்குப் போகிற பெண்கள் முன்கூட்டியே சொல்லிவிட்டால், அந்த நாட்களுக்கான சாப்பாட்டுக் காசைக் கணக்கில் கழித்துவிடுவார்கள். அதற்குப் பெயர் மெஸ் கட். நீ கேலி செய்கிறாய் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிற பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போனேன். வாடகை வராததால் ஒரு வாரம் கழித்துப் போன் செய்தேன்.

"ஏன்டி வாடகை போடல?"

"அதான் மெஸ் கட் சொன்னேனே."

"ஜோக்குன்னு நெனச்சேன்."

"சிரிச்சியே. வேணாம்னு சொல்லலயே."

"வீடு என்ன மெஸ்ஸாடி?"

"ரெண்டும் ஒண்ணுதான். நான் அங்க தண்ணி புடிக்கல, லைட்டு போடல. சுத்தாத ஃபேனுக்கு நான் ஏன்டி குடுக்கணும்?"

"அப்ப ரூமைக் காலி பண்ணிக் குடு. வேற பொண்ணச் சேத்துக்கறேன்."

"ஐயய்யோ. நாளைக்கே ஆபீஸ்ல வான்னு கூப்ட்டா நான் எங்க போவேன்?"

இதுதான் உன் நியாயம். வீடு வேண்டும், வாடகை வேண்டாம். இரண்டாம் மாதமும் இதையே சொன்னதால் உன் அம்மாவுக்குப் போன் செய்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முடிந்ததும், "ரூம்ல அவ சாமானெல்லாம் பத்திரமா இருக்குதாம்மா?" என்றார். இருக்கிறது அம்மா, நான்தான் காவல் காக்கிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன். நீ யாரிடமிருந்து இதையெல்லாம் கற்றாய் என்று அன்றைக்குத் தெரிந்தது.

ஓனர் அம்மாவிடம் பாதி வாடகையோடு போனேன். அவர் அதைத் தொடவே இல்லை.

"நோடும்மா, நான் வீட்டத்தான் குடுத்தேன். அறை அறையா வெட்டிக் குடுக்கல."

"அவ ஊருக்குப் போய்ட்டா ஆன்ட்டி. தர மாட்டேங்கறா."

"கையெழுத்து போகலயே. இங்கதான இருக்கு."

"அப்ப பூட்ட உடைச்சி வேற ஆளச் சேத்துக்கட்டுமா?"

பூட்டை அவர் பீகா என்றுதான் சொல்வார். "பீகாவ உடைக்காத. அவளும் கையெழுத்து போட்டவ, இன்னும் அது அவ வீடு."

"அப்ப வாடகை?"

"அதுவும் அவ வாடகதான். ஆனா அவ இல்ல, நீ இருக்க." இதைச் சொல்லிவிட்டு எனக்குக் காபி கொடுத்தார். கோபப்படக்கூட வழியில்லை. முடியாதென்றால் காலி செய்துகொள்ளலாம், பெயின்ட் அடிக்கிற செலவைப் பிடித்துக்கொண்டு மிச்ச அட்வான்ஸைத் தருகிறேன் என்றார். பெங்களூரில் இது எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

நான் ஏன் காலி செய்யவில்லை என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் நீ இப்படி உட்கார்ந்திருக்கிறாய். என் அம்மாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. நம் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் இருக்கும் கண் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு நாள் வாங்கியிருக்கிறேன். அம்மா வருகிற வாரம் வருகிறார். கண்ணில் கட்டோடு ஒருவரை வைத்துக்கொண்டு வீடு தேடி அலைய முடியாது. அதனால் அந்தக் கண்ணுக்கென்று சேர்த்ததை எடுத்து உன் பங்கையும் கட்டினேன். இப்போது வீடு இருக்கிறது. ஆனால் வீட்டுக்குள்ளேயே இருக்கிற ஒரே குளியலறை உன் பூட்டுக்குப் பின்னால் இருக்கிறது. அம்மா தட்டுத் தடுமாறி அந்த இரண்டு படி இறங்கிப் போக வேண்டும். உன் மிக்ஸி மட்டும் சொகுசாகப் படுத்திருக்கிறது.

போன வாரம் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதுதான் விடுதித் தட்டு ஞாபகம் வந்தது. நம் விடுதியில் மெஸ் கட் வேண்டுமென்றால் சொன்னால் மட்டும் போதாது. சாப்பாட்டுத் தட்டைக் கவுன்டரில் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். கடைசி வருஷம் மெஸ் செக்ரட்டரி யார்? நீதான். அப்பா தெவசத்துக்கு நான் ஊருக்குப் போனேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் தட்டை ஒப்படைக்க மறந்துவிட்டேன். திரும்பி வந்து கேட்டபோது, பக்கத்துக் கட்டிலில் படுக்கிறவள் என்றுகூடப் பார்க்காமல் சொன்னாய்:

"ரூல்னா ரூல்தான்டி. தட்டு உள்ள இருந்தா ஆளு உள்ள இருக்கற மாதிரி."

எனக்கு மட்டும் சொல்லவில்லை. சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதி மெஸ் கதவிலேயே ஒட்டினாய். நான் முழுக் காசையும் கட்டினேன். கட்டிவிட்டு, ஊரிலிருந்து கொண்டுவந்த முறுக்கில் உனக்கும் பங்கு கொடுத்தேன். நீ வெட்கமில்லாமல் தின்றாய்.

வாணியம்பாடியில் உட்கார்ந்து மெஸ் கட் கேட்கிறவளே, உன் கட்டில் உள்ளே இருக்கிறது. பீரோ உள்ளே இருக்கிறது. உன் பூட்டு கதவில் தொங்குகிறது. தட்டை எங்கே ஒப்படைத்தாய்?

நான் பூட்டை உடைக்க மாட்டேன். நானும் கையெழுத்துப் போட்டவள், எனக்கு அதன் அர்த்தம் தெரியும். நீயே வந்து திற. காலி செய்கிறாயா, சாமானை எடுத்துக்கொண்டு போ. வைத்துக்கொள்கிறாயா, மூன்று மாதத்தையும் கட்டிவிட்டுச் சாவியைக் கொடு, அம்மா அந்த அறையில் இருக்கட்டும். எதுவானாலும் அம்மா வருவதற்குள் செய்.

தினமும் காலையில் ரோஜாப்பூவும் நல்ல வார்த்தையும் போடுகிறாயே, அந்த விடுதி குரூப்பில் இதை முழுசாகப் போடுகிறேன். உன் சட்டத்தில் காசு கட்டியவர்கள் எல்லோரும் அங்கே இருக்கிறார்கள். எனக்குத் தனியாகப் போன் செய்து கொஞ்சாதே, எடுக்க மாட்டேன். அங்கேயே, எல்லோரும் பார்க்கப் பதில் சொல். மெஸ் செக்ரட்டரி அவர்களே, பூட்டு தொங்கினால் ஆள் உள்ளே இருக்கிற மாதிரியா, இல்லையா?